பத்து நாள் காவல்

மாதம்மாளுக்கு நாயைக் கண்டால் ஆகாது. எங்கள் ஃபேக்டரியில் அது எல்லோருக்கும் தெரியும். கேண்டீன் பின்வாசலில் தட்டு கழுவ வருகிறவர், அங்கே நாய் படுத்திருந்தால் துடைப்பத்தைத் தரையில் ஓங்கித் தட்டுவார். அது எழுந்து போகும்வரை ட்ராலியை நகர்த்த மாட்டார். கூட வேலை செய்கிற பெண்கள் சிரிப்பார்கள். "ஏங்க்கா, அது பாட்டுக்குப் படுத்துனு கீது. உங்கள என்னா பண்ணுது?" என்று கேட்பார்கள். அவர் துடைப்பத்தை இன்னொரு தடவை தட்டுவார்.

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் லாரிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்கிற கம்பெனி எங்களுடையது. நான் ஸ்டோர்ஸில் இருக்கிறேன். என் ஜன்னலைத் திறந்தால் கேண்டீன் பின்வாசல்தான் தெரியும். அதனால் அங்கே நடந்தது எல்லாமே கிட்டத்தட்ட என் கண் முன்னால் நடந்தது.

மாதம்மாள் பர்கூர்ப் பக்கத்து ஆள். ஐம்பதை நெருங்கும் வயது. ஒல்லியான உடம்பு, ஆனால் பெரிய சோற்று அண்டாவை இன்னொரு கை சேராமலே இறக்கி வைப்பார். கணவர் கோவிந்தப்பன் அந்தப் பக்கத்துக் கல் குவாரியில் துளை போடும் வேலையில் இருந்தவர். அதை விட்டுவிட்டு இருவரும் ஓசூருக்கு வந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. அவர் ஒரு அபார்ட்மென்ட்டில் வாட்ச்மேன். இவர் காண்ட்ராக்டில் எங்கள் கேண்டீனில். பிள்ளைகளைப் பற்றி இருவருமே பேசியதில்லை. பிள்ளை இல்லாதவர்கள் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

பின்வாசலில் இருந்த நாய்க்கு சூப்பர்வைசர் என்று பெயர். செம்பட்டை நிறம், மார்பில் மட்டும் வெள்ளை. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கேட்டிலிருந்து கேண்டீன் வரை ஒரு நடை நடந்து, ஒவ்வொருவரையும் ஏறிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பும். அதனால் வந்த பெயர். அதற்குச் சோறு வைப்பவர்கள் பலர் இருந்தாலும், அதன் ஆள் என்றால் சல்மான்தான். சல்மான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், கிருஷ்ணகிரிக்காரன். வீட்டில் நாய் வளர்க்க அவன் அம்மா விட்டதில்லை. அந்த ஆசையை எல்லாம் இங்கே வந்து தீர்த்துக்கொண்டான். டீ நேரத்தில் பாதி பன் அவனுக்கு, பாதி அதற்கு. பிறகு சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வண்டியேறுவான்.

மாம்பழ சீசன் முடிந்து குளிர்காற்று தொடங்கிய நேரம். எதிர் ரோட்டு டீக்கடையோரம் நான்கைந்து குட்டிகள் திரிந்துகொண்டிருந்தன. அவை இருமத் தொடங்கின. சில நாட்களில் ஒவ்வொன்றாகச் செத்துப்போயின. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரோட்டோரக் குட்டிகள் அப்படித்தான் போகும் என்று விட்டுவிட்டோம்.

அடுத்து சூப்பர்வைசரின் கண்ணில் பீளை கட்டியது. மூக்கில் கெட்டியாகச் சளி ஒழுகியது. பன்னை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. சல்மான் கேண்டீனில் கேட்டு வெதுவெதுப்பான பால் வாங்கி வைத்தான். இரண்டு வாய் நக்கிவிட்டு, குனிந்து நின்று வறட்டு இருமல் இருமியது. "சளி புடிச்சிருக்கு, சரியாயிடும்" என்றான். கொஞ்சம் தேறின மாதிரிகூட இருந்தது. ஆனால் மூக்கின் மேல்தோல் காய்ந்து வெடித்தது. பாதத்துத் தோல் கட்டையாக இறுகிப்போய், அது நடக்கும்போது சிமெண்ட் தரையில் செருப்புச் சத்தம் போலக் கேட்கும். நான் கணக்கு எழுதிக்கொண்டே அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அது பின்வாசலில் நின்றுகொண்டே வெறும் வாயை மெல்ல ஆரம்பித்தது. எதையோ கடித்துக்கொண்டிருப்பது போலத் தாடை வேகவேகமாக அடித்துக்கொண்டது. வாயோரம் நுரை தள்ளியது. பிறகு பக்கவாட்டில் விழுந்து நான்கு கால்களையும் உதைத்துக்கொண்டது. சல்மான் தட்டைப் போட்டுவிட்டு ஓடினான். தலை தரையில் மோதாமல் பிடிக்கப் போனான். அந்தத் தாடை அவன் மணிக்கட்டின் மேல் மூடியது. அது அவனைப் பார்த்துக் கடித்ததாகச் சொல்ல முடியாது. அதற்கு அப்போது எதுவுமே தெரிந்திருக்காது. அவன் கையை இழுத்தபோது ரத்தம் சொட்டியது.

"வெறி புடிச்சிருச்சு" என்று யாரோ சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. மெஷின் ஷாப்பிலிருந்து இரும்புக் கம்பியோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். செக்யூரிட்டி ஆஃபீசர் குருமூர்த்தி கையில் லத்தியோடு வந்தார். பொறுப்பான மனிதர். உள்ளே இருக்கும் ஆட்களுக்கு ஏதாவது ஆனால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

"தள்ளி நில்லுங்க எல்லாம். அடிச்சுப் போட்டுருங்கப்பா. ஆளுங்க உசுரு முக்கியம்" என்றார்.

வலிப்பு அடங்கி, நாய் எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் தலையை மட்டும் தூக்கப் பார்த்தது. அப்போதுதான் மாதம்மாள் வந்தார். காய்கறி வருகிற பெரிய பிளாஸ்டிக் கூடை ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து, நாயின் மேல் கவிழ்த்தார். கவிழ்த்துவிட்டு அதன் மேல் ஒரு காலை வைத்து நின்றார். அவர் முகம் வெளுத்திருந்தது. கூடைக்குள் அது அசையும்போதெல்லாம் அவர் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. காலை எடுக்கவில்லை.

"யாரும் கை வெக்காதீங்க" என்றார்.

"நகருங்கம்மா. அது வெறிநாயி" என்றார் குருமூர்த்தி.

"வெறிதான்னு உங்களுக்குத் தெரியுமா சார்? எனக்கும் தெரியாது. இத அடிச்சுக் கொன்னுட்டா அப்புறம் யாருக்குமே தெரியாது." என்னைப் பார்த்தார். "ராஜ்குமாரு, நின்னுனு கீறியே, அந்தப் பையன இட்டுனு போய்க் குழாயில கைய வுடு. சோப்புப் போட்டுக் கழுவு. நான் போதும்னு சொல்றவரைக்கும் கழுவு."

அவர் குரலில் அப்படி ஒரு அதிகாரத்தை அதற்கு முன் கேட்டதில்லை. நான் சல்மானை இழுத்துக்கொண்டு போனேன். தண்ணீரை வேகமாகத் திறந்துவிட்டு, காயத்தில் சோப்பை நுரைக்க நுரைக்கத் தேய்த்தேன். அவன் போதும் போதும் என்றான். மாதம்மாள் நின்ற இடத்திலிருந்தே இன்னும் இன்னும் என்றார். கூடையின் மேல் இரண்டு இரும்புத் தட்டுகளை ஏற்றி வைக்கச் சொல்லி, அவை ஏறிய பிறகுதான் காலை எடுத்தார். குருமூர்த்தி கால்நடை மருத்துவமனைக்குப் போன் போட்டார். மனதுக்குப் பிடிக்காமல்தான் போட்டார், ஆனால் போட்டார்.

கம்பெனி வேனில் நானும் சல்மானும் ஏறினோம். மாதம்மாள் ஈரக் கையோடு வந்து ஏறிக்கொண்டார். கேண்டீன் மேனேஜர் கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை.

வேன் கேட்டைத் தாண்டியதும் சல்மான் முரண்டு பிடித்தான். "ஒரு பல்லுதான்க்கா பட்டுச்சு. நல்லா கழுவியாச்சு. ஷிஃப்ட் முடிச்சிட்டு சாயங்காலமா போறேன். இல்லாட்டி நாளைக்கு. வீட்டுக்குத் தெரிஞ்சா அம்மா பயந்துக்கும்."

மாதம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சிப்காட் சிக்னலில் வண்டிகள் தேங்கி நின்றன. அப்படியே பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"எனக்கு ஒரு பொண்ணு இருந்துச்சு. அனிதான்னு பேரு. ரெண்டாங்கிளாஸ் படிச்சுது."

சல்மான் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

குவாரி ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு எங்கிருந்தோ ஒரு குட்டி வந்திருக்கிறது. அனிதா தன் தட்டில் இருந்த களியைப் பிய்த்துப் போடுவாளாம். ஒருநாள் போடப் போன கையில் அது பல்லைப் பதித்துவிட்டது. உள்ளங்கையில் சின்னக் காயம். சாயங்காலம் வேலை முடிந்து வந்த கோவிந்தப்பன் மகள் கையில் ரத்தத்தைப் பார்த்திருக்கிறார். மூலையில் இருந்த கடப்பாரையை எடுத்து ஒரே அடி. குட்டியைக் கொண்டுபோய்ப் பழைய குவாரிக் குழியில் வீசிவிட்டு வந்து, மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாராம்.

"சனியன் ஒழிஞ்சுதுன்னு நாங்க நிம்மதியா இருந்தோம். நாயே இல்ல, இனிமே என்ன பயம்னு நெனச்சிட்டோம். மஞ்சள் வெச்சுக் கட்டுனோம். கர்நாடகா பார்டர்கிட்ட ஒருத்தர் கயிறு மந்திரிச்சுக் குடுப்பாருன்னு சொன்னாங்க. போயி கட்டிக்கினு வந்தோம். ஊசின்னு ஒருத்தர் சொன்னாரு. காயமே ஆறிடுச்சு, ஊசி எதுக்குன்னு நாந்தான் சொன்னன்."

காயம் ஆறிப் பல வாரங்கள் கழித்து, கை குறுகுறுக்கிறது என்று அனிதா சொல்லியிருக்கிறாள். பிறகு ஜுரம். பிறகு தூக்கமில்லை.

"தண்ணி வேணும்னு அதுவேதான் கேக்கும். டம்ளர வாய்கிட்ட கொண்டு போனா தொண்டைய இழுத்துக்கும். ஃபேன் காத்து பட்டாக்கூட உடம்பு தூக்கிப் போடும். கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு ஓடுனோம். டாக்டரு பாத்த ஒடனே, நாய் ஏதாவது கடிச்சுதான்னு கேட்டாரு. ஆமான்னோம். அந்த நாய் என்னாச்சுன்னு கேட்டாரு. அப்பவே அடிச்சுக் கொன்னுட்டேன் சார்னு இவரு சொன்னாரு. பெருமையா சொன்னாரு. டாக்டரு எங்க மூஞ்சியப் பாக்கல."

வேன் நகர்ந்தது. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சல்மான் பக்கம் திரும்பினார்.

"அத அடிக்காம கட்டிப் போட்டிருந்தா, அது நோவுல சாவறத கண்ணால பாத்திருப்போம். பாத்திருந்தா பயந்திருப்போம். பயந்திருந்தா பொண்ணத் தூக்கினு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்போம். அடிக்காம இருந்திருந்தா அது எதனால செத்திருக்கும்னு தெரியாமப் போச்சு. நீ சாயங்காலம் போறன்னு சொல்லாத சல்மானு."

சல்மான் அதற்குப் பிறகு முரண்டு பிடிக்கவில்லை. அரசு மருத்துவமனையில் கையை நீட்டினான். தோளில் தடுப்பூசி போட்டார்கள். காயத்தைச் சுற்றிலும் சதைக்குள் இன்னொரு மருந்தைக் குத்தி இறக்கினார்கள். அது நல்ல வலி. அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். மாதம்மாள் அவன் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மிச்ச ஊசிகளை எந்த எந்தத் தேதியில் போட வேண்டும் என்று நர்ஸ் சொன்னதை அவனைவிட அவர்தான் கவனமாகக் கேட்டார்.

நாங்கள் திரும்பி வந்தபோது கால்நடை மருத்துவர் சரிதா வந்திருந்தார். முப்பது வயது இருக்கும். முழங்கைவரை கையுறை போட்டு, நீளமான பிடிகம்பால் நாயைக் கூடையிலிருந்து எடுத்து, சரக்கு அடுக்குகிற பழைய மரப் பேலட்டுகள் போட்டிருந்த கம்பிக் கூண்டுக்குள் விட்டிருந்தார். கூண்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். இருமல் இருந்ததா, கண்ணில் பீளை இருந்ததா, அக்கம்பக்கத்தில் குட்டிகள் செத்தனவா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றோம்.

"எனக்கு இது டிஸ்டெம்பர்னு தோணுது. நாய்க்கு நாய் பரவற நோய். இருமினாலே போதும், காத்துல பரவிடும். முதல்ல சளி ஜுரம் மாதிரி வரும், சில நாய்ங்களுக்கு அப்புறம் மூளைக்குப் போயிடும். மூக்கும் பாதமும் இறுகியிருக்கு பாருங்க, அது இந்த நோயோட அடையாளம். மனுஷங்களுக்கு இது வராது."

"அப்ப வெறி இல்லையா மேடம்?" என்று சல்மான் கேட்டான்.

"அப்படி நான் சொல்லமாட்டேன். வலிப்பு, நுரை எல்லாம் வெறிநோய்லயும் வரும். கண்ணால பார்த்து இல்லன்னு சொல்றது தப்பு. பூட்டி வைங்க. வெறிநோயா இருந்தா பத்து நாளைத் தாண்டாது, அதுக்குள்ள செத்துடும். அப்படிச் செத்தா மூளையை எடுத்து ஆய்வுக்கு அனுப்பணும். உங்க ஊசி எப்படியிருந்தாலும் நடக்கட்டும். யாராவது ஒருத்தர் தினம் கவனிச்சு எனக்குச் சொல்லணும். கையை உள்ளே விடக்கூடாது."

"நான் பாத்துக்கறன்" என்றார் மாதம்மாள்.

கேண்டீன் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தப் பத்து நாட்களும் அவர் வேலைக்கு வந்ததும் முதலில் கூண்டுக்குத்தான் போவார். தரை துடைக்கிற வைப்பரின் நீளக் கட்டையால் சோற்றுத் தட்டைக் கம்பிக்குக் கீழே தள்ளுவார். வலிப்புக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை முட்டைக்குள் வைத்துத் தள்ளுவார். பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கொஞ்சியதில்லை. எட்டி நின்று பார்ப்பார். தின்றதா, குடித்ததா, எழுந்து நின்றதா, எத்தனை தடவை இழுத்தது என்று டாக்டருக்குப் போனில் சொல்வார். என் ஜன்னலிலிருந்து நான் பார்க்கும்போதெல்லாம் அவர் தண்ணீர்க் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நிற்பதாகத் தோன்றும்.

ஒருநாள் டாக்டர் நேரில் வந்தபோது மாதம்மாள் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. "தண்ணி நல்லா குடிக்குதும்மா. நெறைய குடிக்குது. அப்ப அந்த நோவு இல்லதானே?"

டாக்டர் சரிதாவுக்கு அதற்குள் அனிதாவின் கதை தெரியும். நான்தான் சொல்லியிருந்தேன். அவர் பையைக் கீழே வைத்தார்.

"மாதம்மா, தண்ணிக்குப் பயப்படறது மனுஷங்களுக்கு வர்றது. நாய்க்கு அப்படி வராது. வெறிநோய் வந்த நாய்கூட தண்ணிகிட்ட போகும், குடிக்கப் பார்க்கும். அதை வெச்சு நாம முடிவு பண்ண முடியாது."

அவர் முகம் விழுந்துபோனது. "அப்படியா" என்றார். வைப்பர் கட்டையால் கிண்ணத்தை இழுத்துக் கழுவி, வேறு தண்ணீர் ஊற்றி உள்ளே தள்ளினார்.

நாய் பிழைத்துக்கொண்டதா, தேய்ந்துகொண்டிருந்ததா என்று சொல்வது கஷ்டமாக இருந்தது. ஒரு வேளை நன்றாகத் தின்னும். மறுவேளை பின்னங்கால் மடங்கி விழும். முன்னங்கால் ஒன்றும் தாடையும் துடிக்கத் தொடங்கின. தூங்கும்போதும் அந்தத் துடிப்பு நிற்கவில்லை. சல்மான் கூண்டிலிருந்து எட்டி நின்று "சூப்பர்வைசர்" என்று கூப்பிடுவான். அது தலையைத் தூக்கும். சத்தம் வந்த பக்கத்தை விட்டுவிட்டு வேறு எங்கோ பார்க்கும்.

பத்து நாள் கடந்தது. அது உயிரோடு இருந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இது வெறிநோய் இல்லை என்று சொன்னார். சல்மான் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டான். கேண்டீனில் எல்லோருக்கும் ஒரு பாரம் இறங்கியது. குருமூர்த்தி வீட்டிலிருந்து நான்கு முட்டை அவித்து எடுத்து வந்து மாதம்மாள் கையில் கொடுத்துவிட்டு, கேட்டுக்குப் போனார். கிருஷ்ணகிரியிலிருந்து சல்மானின் அம்மா ஃபகருன்னிசா பஸ் ஏறி வந்தார். கேண்டீன் பின்வாசலில் மாதம்மாளின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "உங்க பொண்ணுக்கு நான் துவா செய்யறேன்" என்றார். மாதம்மாள் தலையை ஆட்டினார்.

ஆனால் வலிப்பு குறையவில்லை. ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்க இடைவெளியே இல்லாமல் போனது. மருந்தை ஏற்றிப் பார்த்தார்கள். நாயால் எழுந்து நிற்க முடியவில்லை. படுத்த இடத்திலேயே எல்லாம் போனது. விலாவில் புண் கண்டது. வெறிநோய் இல்லை என்று தெரிந்துவிட்டதால், மாதம்மாள் கையுறை போட்டுக்கொண்டு கூண்டுக்குள் போய்ச் சாக்கை மாற்றினார். நாயின் மேல் கைபடாமல் அதைப் புரட்டச் சாக்கின் முனையைப் பிடித்து இழுப்பார்.

ஒரு காலையில் டாக்டர் சரிதா எங்களைக் கூண்டிலிருந்து கொஞ்ச தூரம் தள்ளிக் கூட்டிவந்து பேசினார். "மூளை ரொம்ப பாதிச்சிருக்கு. இதுக்கு மேல தேறாது. வைரஸைக் கொல்ற மருந்துன்னு ஒண்ணு இதுக்கு இல்ல. உடம்பு தாங்குச்சுன்னா தாங்கும், அவ்வளவுதான். கஷ்டப்பட விடாம ஊசி போட்டு அனுப்பிடலாம்."

சல்மான் கொதித்தான். "பத்து நாள் காப்பாத்துனது இதுக்குத்தானா? அப்ப அன்னைக்கே அடிச்சிருக்கலாமே." மாதம்மாளைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கக்கா" என்றான்.

மாதம்மாள் கூண்டைத் திரும்பிப் பார்த்தார். "நம்ம எங்கடா காப்பாத்துனோம். கூட இருந்து பாத்தோம், அவ்ளோதான். இப்பவும் பாத்துனுதான் கீறோம். அது படறத என்னால பாக்க முடியல. உன்னால முடியுதா?"

அவன் ஃபோர்க்லிஃப்ட் பக்கம் போய் நின்றான். சிறிது நேரம் கழித்துத் திரும்பி வந்து, சரி என்றான்.

மறுநாள் காலை டாக்டர் வந்தபோது கோவிந்தப்பனும் வந்திருந்தார். மாதம்மாள் சொல்லியிருக்கிறார். உயரமான மனிதர், தோள்கள் முன்பக்கமாக வளைந்துபோயிருந்தன. குருமூர்த்தியிடம் கடப்பாரையும் மண்வெட்டியும் கேட்டு வாங்கிக்கொண்டு, மதில் ஓரத்து யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே குழி தோண்டினார். சிப்காட் மண்ணில் இரண்டடிக்குக் கீழே பாறைதான். அவருக்கு அது பெரிய வேலையாக இல்லை.

டாக்டருக்குத் தலையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது. சல்மான் முன்னால் வந்தான். குனிந்தவன் பாதியிலேயே நிமிர்ந்துவிட்டான். மாதம்மாள் அவனை ஒதுக்கிவிட்டு மண்டி போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கைகளை மடியிலேயே வைத்திருந்தார். பிறகு வலது கையைத் தலைக்கு அடியில் கொடுத்து, இடது கையைக் கன்னத்தின் மேல் வைத்தார். அந்தத் தாடை அவர் உள்ளங்கையில் அடித்துக்கொண்டே இருந்தது.

முதல் ஊசி தூங்க வைக்கிற ஊசி. மெல்ல மெல்லத் துடிப்பு தளர்ந்தது. கால் நின்றது. கடைசியாகத் தாடையும் நின்றது. அத்தனை வாரங்களுக்குப் பிறகு அந்த உடம்பு அசையாமல் கிடந்ததைப் பார்த்தோம். நன்றாக மூச்சு விட்டது. "அவ்ளோதான், அவ்ளோதான்" என்று மாதம்மாள் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் எங்களைப் பார்த்துவிட்டு இரண்டாவது ஊசியைப் போட்டார். ஸ்டெத்தை வைத்துக் கேட்டார். எடுத்தார். மாதம்மாள் கையை எடுக்கவில்லை. டாக்டர்தான் அவர் தோளைத் தொட வேண்டியிருந்தது.

சாக்கில் சுற்றிக் குழியில் இறக்கினோம். சுண்ணாம்பு தூவினோம். மண்ணை இழுத்துப் போட ஆரம்பித்த கோவிந்தப்பன், பாதியில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"டாக்டரம்மா" என்றார். "கடிச்ச அன்னைக்கே கூட்டினு போய் ஊசி போட்டிருந்தா, பொண்ணு பொழச்சிருக்குமா?"

யார் பெண் என்று அவர் சொல்லவில்லை. டாக்டர் மாதம்மாளைப் பார்த்தார். மாதம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொழச்சிருக்கும் ஐயா" என்றார் டாக்டர் சரிதா.

கோவிந்தப்பன் தலையை ஆட்டினார். "தெரியும். ஆனா யாரும் என் மூஞ்சியப் பாத்துச் சொன்னதில்ல. கேட்டுடணும்னு இருந்துச்சு." மறுபடியும் குனிந்து மண்ணை இழுத்தார். மாதம்மாள் போய் அவர் பக்கத்தில் நின்று, கையாலேயே மண்ணைத் தள்ளிவிட்டார். அந்தப் பேச்சை அவர்கள் இருவரும் வீட்டில் எத்தனை வருடமாகப் பேசாமல் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. முடித்ததும் இருவரும் குழாயடியில் கை கால் கழுவிக்கொண்டு, சேர்ந்தே கேட்டைத் தாண்டிப் போனார்கள். அன்று மாதம்மாள் லீவு கேட்காமலேதான் போனார். யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

கூண்டையும் பின்வாசலையும் பிளீச்சிங் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். அப்படியும் எதிர் ரோட்டு நாய்களில் இரண்டுக்கு அதே இருமல் வந்தது. ஒன்று செத்தது. ஒன்று தேறியது, ஆனால் இன்றுவரை ஒரு கால் வெட்டி வெட்டித்தான் நடக்கிறது. மிச்ச நாய்களுக்காவது ஊசி போட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். விலங்குகள் நல அமைப்பு ஒன்றைப் பேசிக் கூட்டிவந்தார். டிஸ்டெம்பருக்கு ஒரு ஊசி, வெறிநோய்க்கு ஒரு ஊசி. நாய் பிடித்துத் தர ஆள் வேண்டும் என்றார்கள். சல்மானும் நானும் பெயர் கொடுத்தோம். மாதம்மாள் பெயர் கொடுக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய புடவை கட்டிக்கொண்டு, அதற்கு மேல் ஒரு முழுக்கைச் சட்டையும் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

இப்போதும் நாய்களிடம் அவர் கொஞ்சுவதில்லை. பின்வாசலில் படுத்தால் துடைப்பத்தைத் தட்டத்தான் செய்கிறார். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை ஊசி போடும் நாளில் அவரைவிட நன்றாக நாய் பிடிக்கிறவர்கள் எங்களில் யாரும் இல்லை. பின்கழுத்துத் தோலை ஒரு கையால் அள்ளிப் பிடித்து, மறு கையால் இடுப்பை அணைத்துக்கொள்வார். நாய் முரண்டு பிடிக்காது.

கடந்த முறை பாகலூர் ரோட்டோரம் இருக்கும் வரிசை வீடுகளுக்குப் போயிருந்தோம். தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி எல்லாம் பேசுகிற ஆட்கள் குடியிருக்கும் இடம். ஒரு வீட்டுக்காரப் பெண் வாசலில் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கன்னடமும் தமிழும் கலந்து, இத்தனை சின்னதுக்கு எதற்கு ஊசி என்று மறுத்தாள். டாக்டர் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. மாதம்மாள் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தாழ்ந்த குரலில் என்னவோ பேசினார். எங்களுக்குக் கேட்கவில்லை. அந்தப் பெண் எழுந்து வந்து குட்டியை நீட்டினாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

ஊசி போட்ட நாயின் நெற்றியில் அடையாளத்துக்குப் பச்சைச் சாயம் தொட்டு வைப்பது கோவிந்தப்பனின் வேலை. அவரும் இப்போது வருகிறார். ஒவ்வொன்றின் நெற்றியிலும் விரலை நிதானமாக அழுத்தி, கலையாமல் வைப்பார். அன்று வேலை முடிந்து நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, வெயில் தாழ்ந்த ரோட்டில் நெற்றியில் பச்சைப் பொட்டோடு நாய்கள் இங்குமங்கும் போய்க்கொண்டிருந்தன.